கிரிஞோனிலும் ஒருமுறை பேருந்தை நிறுத்துங்கள்

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுக்காகப் போரிட வெளிநாடுகளிலிருந்து வந்த தொண்டர்களை நினைத்து, ஒவ்வொரு பிப்ரவரியிலும் மாட்ரிட் அருகே ஹராமா மேடுகளில் நடந்து செல்லும் சர்வதேசப் படையணி நினைவுச் சங்கத்தாருக்கு வணக்கம்.

நான் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்துக்காரன். ஸ்பெயினுக்கு வந்ததில்லை. ஆனாலும் நீங்கள் 'தற்கொலைக் குன்று' என்று சொல்லும் அந்த மேட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அந்த உரிமையில்தான் ஒன்று கேட்கிறேன்.

1937 பிப்ரவரி 12. மாட்ரிட்டுக்கும் வலென்சியாவுக்கும் இடையிலான சாலையை குடியரசை எதிர்த்துக் கலகம் செய்த ஃபிராங்கோவின் படை வெட்டிவிடாமல் தடுக்க, சர்வதேசப் படையணியின் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஏறத்தாழ 600 பேரோடு ஒலிவத் தோப்புகளைக் கடந்து மேடேறியது. சுரங்கத் தொழிலாளிகள், கப்பல்காரர்கள், வேலையில்லாதவர்கள், சில எழுத்தாளர்கள். பலருக்குச் சில வாரப் பயிற்சிகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. வந்த தோட்டா அவற்றுக்குப் பொருந்தவில்லை. மறைவே இல்லாத குன்றில் மணிக்கணக்காகக் கிடந்து செத்தார்கள். மார்க்சிய எழுத்தாளர் கிறிஸ்டோபர் காட்வெல் அன்றுதான் இறந்தார், 29 வயதில். இருட்டும்போது சண்டையிடும் நிலையில் மிஞ்சியவர்கள் சுமார் 225 பேர். பதினான்காம் தேதி, சிதறிப் பின்வாங்கியவர்களில் 140 பேரைத் திரட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்காரர் ஜாக் கன்னிங்ஹாமும் அயர்லாந்துக்காரர் ஃபிராங்க் ரையனும் பாட்டுப் பாடியபடியே மறுபடி முன்னணிக்கு நடந்தார்கள். சாலை கடைசிவரை வெட்டுப்படவில்லை.

இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நான் பேச வந்தது அந்த முதல் நாள் சாயங்காலத்தைப் பற்றி. சரியான தோட்டா வந்து சேர்ந்தது. பட்டைகளில் கையாலேயே கோத்தார்கள். நம்மவர்கள் விட்டுவந்த குன்றின்மேல் எதிரிகள் கூட்டமாக ஏறி நின்ற நேரத்தில் இயந்திரத் துப்பாக்கிக் குழுவின் தலைவர் ஹாரி ஃப்ரையின் ஆட்கள் சுட்டார்கள். படிக்கும் எல்லா நூல்களிலும் இந்த இடத்தில் எழுத்துக்கு ஒரு உற்சாகம் வந்துவிடும். வாலிபத்தில் நானும் கைதட்டாத குறையாகத்தான் படித்தேன். அப்புறம்தான் ஒரு கேள்வி வந்தது: அங்கே விழுந்தவர்கள் யார்?

மொராக்கோக்காரர்கள். ஸ்பெயினின் காலனிக் குடிகள். வட மொராக்கோவின் ரிஃப் மலைகளில் அப்துல் கரீம் தலைமையில் 1926 வரை ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்டு, வானிலிருந்து விழுந்த நச்சு வாயுவைச் சுவாசித்த ஜனங்களின் பிள்ளைகள். பத்தே வருடத்தில், அதே ஸ்பானிய அதிகாரிகளுக்குக் கீழே, சம்பளத்துக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் ரொட்டிக்கும் சர்க்கரைக்குமாக ஆயிரம் ஆயிரமாகச் சேர்ந்தார்கள். முதல் அணிகளை ஹிட்லர் அனுப்பிய யுங்கர்ஸ் விமானங்கள் ஜிப்ரால்டர் ஜலசந்தியைத் தாண்டி ஸ்பெயினில் கொண்டுவந்து இறக்கின.

என் கொள்ளுத் தாத்தா முதல் உலகப் போரில் பஸ்ராவுக்குப் போனவர். துருக்கியர்மேல் அவருக்கென்ன பகை? மழை பொய்த்த வருடம், வீட்டில் ஐந்து வயிறு. அவ்வளவுதான் காரணம். அதனாலோ என்னவோ, குன்றேறிய அந்த ரிஃப் பையனை என்னால் அந்த நூல்கள் சொல்வதுபோல் வெறும் 'மூர்' என்று தாண்டிப்போக முடியவில்லை.

அவர்களைப் புனிதர்களாக்கச் சொல்லவில்லை. அந்தலூசியாவிலும் பதாஹோஸிலும் அந்தப் படைகள் செய்த கொலையும் கொள்ளையும் பெண்களுக்கு இழைத்த கொடுமையும் பதிவாகியிருக்கின்றன. ஏவிய ஸ்பானியத் தளபதிகள் அதை வானொலியில் பெருமையாகவே பேசினார்கள். அதை மறைத்து எனக்கு ஒரு நியாயமும் வேண்டாம்.

ஆனால் குடியரசின் பக்கமும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1936 இலையுதிர் காலத்தில் மொராக்கோ தேசியவாதிகள் பார்சிலோனா வரைக்கும் வந்து பேசினார்கள்: எங்களுக்கு விடுதலை கொடுங்கள், ஃபிராங்கோவுக்கு ஆள் கிடைக்காமல் செய்கிறோம் என்று. மொராக்கோவின் மறுபகுதியை ஆண்ட பிரான்ஸ் கோபித்துக்கொள்ளும் என்ற பயத்தில் குடியரசின் பிரதமர் லார்கோ கபயெரோவின் அரசு கைவிரித்தது. பாலஸ்தீனத்துப் பொதுவுடைமையாளர் நஜாத்தி சித்கி தெற்கு ஸ்பெயினின் கோர்தோபா போர்முனையின் பதுங்குகுழிகளில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அரபியில் கூப்பிட்டுப் பார்த்தார். கொடுப்பதற்குக் கையில் எதுவுமில்லாமல் கூப்பிட்டால் யார் வருவார்கள்? சுதந்திரத்துக்காக வந்து செத்தவர்களை வருடாவருடம் நினைக்கும் நீங்கள், சுதந்திரம் மறுக்கப்பட்டவர்களைப் பற்றிய இந்தப் பக்கத்தையும் அந்த மேட்டில் வைத்தே உரக்கப் படிக்க வேண்டும்.

எங்கள் செங்கம் பக்கத்தில் நடுகற்கள் நிறைய. ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் உண்டு. அடுத்த ஊர் ஆநிரையைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் உண்டு. இரண்டிலும் 'பட்டான்', அதாவது செத்தான், என்ற ஒரே சொல்தான். யார் பக்கம் நியாயம் என்று அந்த எழுத்து சொல்லாமல் இல்லை. போனது எதற்கு என்று பொறித்துவிட்டுத்தான் பட்டதைச் சொல்கிறது.

மாட்ரிட்டுக்குத் தெற்கே கிரிஞோனில் ஒரு முஸ்லிம் மயானம் இருக்கிறது. அந்தப் போரில் செத்த மொராக்கோ சிப்பாய்களுக்காக வந்தது அது. அடுத்த பிப்ரவரியில் ஹராமா பக்கத்து ஊரான மொராத்தாவில் நடந்து முடித்ததும், திரும்பும் வழியைக் கொஞ்சம் மாற்றி அங்கே பேருந்தை அரை மணி நேரம் நிறுத்துங்கள். மாலை, கொடி ஒன்றும் வேண்டாம். பிரிட்டிஷ்காரர்கள் பெயர்ப் பட்டியலை ஹராமாவில் வாசிப்பீர்கள் அல்லவா, இங்கே வாசிக்க உங்களிடம் பட்டியலே இருக்காது. அதைச் சேகரிக்க யாரையாவது அன்றைய ஸ்பானிய மொராக்கோவின் தலைநகரான தெத்துவானுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
செங்கத்திலிருந்து ஒரு வாசகன்