கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறது

சுங்கை சிப்புட்
ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

நேற்று போனில், உல்லாசக் கப்பல் பயணத்துக்கு ஐந்து பேருக்கு ஏழு பெட்டி என்று நீ சொன்னாய். நாலு ராத்திரிக்கு ஏழு பெட்டியா என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் சம்பந்தி அம்மா குரல் கேட்டது, விட்டுவிட்டேன். இதை வாட்சப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டுக் கட்டை விரலைப் போட்டு அனுப்புவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி உன் அண்ணனிடம் கொடுத்து விடுகிறேன்.

போன வருஷம் அவன் எங்களைக் கூட்டிக்கொண்டு போனதும் இதே வழிதான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, பூக்கெட் பார்த்துவிட்டுத் திரும்புவது. அறைக் கதவைத் திறந்ததும் உன் அண்ணி, "இவ்வளவுதானா அத்தை?" என்று முகம் வாடிப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ரப்பர் தோட்டத்தில் வரிசையாக இருந்த நம் பழைய லயத்து வீட்டின் முன்னறை அளவுக்கு இருந்தது, அவ்வளவுதான். உனக்கு அந்த வீடு ஞாபகம் இருக்காது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது நாம் டவுனுக்கு வந்துவிட்டோம், நீ அப்போது கைக்குழந்தை. அந்த ஒரு அறையிலும் அடுப்படியிலும் ஏழு பேர் இருந்தோம். இடித்துக்கொள்ளாமல் இருந்தோம் என்றால், தரையில் ஒன்றும் கிடக்காது, அதனால்தான். பெட்டி கட்டிலுக்கு அடியில். மற்றதெல்லாம் ஆணியில். அப்பாவின் தொப்பி, பால் வெட்டும் சட்டை, பள்ளிக்கூடப் பை, சீப்பு குத்திய துணிப்பை, எல்லாவற்றுக்கும் ஓர் ஆணி உண்டு.

கப்பலில் ஆணி அடிக்க முடியாது. ஆனால் சுவர் இரும்பு. மேலே பலகை மாதிரி ஒட்டியிருப்பார்கள், ஏமாந்துவிடாதே. காந்தம் வைத்த கொக்கி ஒன்றை வைத்துப் பார்த்தேன், டக்கென்று பிடித்துக்கொண்டது. அப்புறம் என்ன, தொப்பி, கைப்பை, நனைந்த நீச்சல் உடுப்பு, அறைச் சாவி அட்டை எல்லாம் சுவருக்குப் போயின. இருந்த நாலு கொக்கியில் இரண்டை உங்கப்பா தன் சட்டைக்கு எடுத்துக்கொண்டார். கேட்டால், "எனக்கு லயத்திலேயே இரண்டு ஆணி" என்றார்.

பெட்டிக்கு வருகிறேன். உடுப்பையெல்லாம் முதல் நாளே எடுத்து அலமாரியிலும் இழுப்பறையிலும் அடுக்கிவிடு. தினமும் பெட்டியைத் திறந்து கிளறினால் அறையில் கால் வைக்க இடமிருக்காது. சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் போட்டு, படுக்க வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளு. இரண்டாம் நாளிலிருந்து அதற்குள்ளேயே அழுக்குத் துணியைப் போட்டுக்கொள்ளலாம். தடியான, வளையாத பெட்டி சில நேரம் அடியில் நுழையாது. அண்ணியுடைய சிவப்புப் பெட்டி நுழையவில்லை. நாலு நாளும் அது அறை நடுவில் நின்றது, ராத்திரி எழுந்தவர்கள் எல்லாரும் அதில் முழங்காலை இடித்துக்கொண்டோம். உன்னிடமும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, தெரியும். அதை வீட்டில் வை.

பிள்ளைகள் இருக்கும் அறையில் மேல்கட்டில் சுவரிலிருந்து இறங்கும். பகலில் வேலையாள் வந்து மடக்கிவிடுவார். அதன் மேல் சாமான் வைக்கும் பழக்கம் வேண்டாம், சாயங்காலம் தேடிக்கொண்டிருப்பாய். சின்னவனை மேலே படுக்க விடாதே.

முக்கியமானதைச் சொல்கிறேன். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அறை வாசலுக்கு வந்து சேர எங்களுக்குச் சாயங்காலம் ஆறு மணி ஆயிற்று. அதுவரைக்கும் கையில் இருக்கும் பைதான் குடும்பம். பாஸ்போர்ட், மருந்து, பிள்ளைகளின் நீச்சல் உடுப்பு, ஒரு மாற்றுடுப்பு, போன் சார்ஜர், கோடாலித் தைலம், இவை கைப்பையில் இருக்கட்டும். சம்பந்தி அம்மாவின் சர்க்கரை வியாதிக்கான இனிப்புநீர் மாத்திரையைப் பெட்டியில் போட்டுவிடாதே. இரண்டு அறை எடுத்திருக்கிறீர்கள் அல்லவா, மருந்தையும் இரண்டாகப் பிரித்து வை. ராத்திரி தலைவலி என்றால் அடுத்த அறைக் கதவைத் தட்ட வேண்டாம்.

எடுத்துப் போகக் கூடாதவை என்று கொஞ்சம் இருக்கின்றன. இஸ்திரிப் பெட்டி, சோறு வேகும் குக்கர், கத்தி எல்லாம் ஏறும்போதே பிடித்து வைத்துவிடுவார்கள். நீளமான பிளக் வயரில் மின்னல் தாங்கும் கட்டை வைத்தது உண்டே, அதுவும் ஆகாது. கப்பலின் மின்சார அமைப்பு வேறு, அதில் அந்தக் கட்டையே சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று உன் அண்ணன் விளக்கினான். போன் சார்ஜ் செய்ய நாலு யூஎஸ்பி ஓட்டை வைத்த சின்னக் கட்டை போதும். சம்பந்தி அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. கற்பூரம், ஊதுபத்தி, விளக்கு எதுவும் ஏற்ற முடியாது. ஒரு சின்னப் படமும் விபூதிப் பொட்டலமும் கொண்டு வரட்டும், பேட்டரி விளக்கு ஒன்று வாங்கிக் கொடு. என் நெத்திலி சம்பலையும் ஏற்ற விடவில்லை. வீட்டில் சமைத்தது ஆகாதாம். அந்தப் போத்தலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஏறிய கொஞ்ச நேரத்தில் எல்லாரையும் ஓர் இடத்துக்கு வரச் சொல்லி, ஆபத்து என்றால் சங்கு எப்படி ஊதும், எந்தப் படகுக்குப் போகவேண்டும் என்று காட்டுவார்கள். உங்கப்பா உடனே, "பெரட்டு!" என்றார். விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் தண்டல் வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட நின்றவர் இல்லையா, முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றுகொண்டார். 2012ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா என்ற கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ இதை முடிக்கவேண்டும் என்று ஆக்கினார்கள். மாப்பிள்ளை பபே பக்கம் நழுவிவிடாமல் பார்த்துக்கொள். மிதவைச் சட்டை அலமாரியில் இருந்தால் அதன் முன்னால் எதையும் அடைத்து வைக்காதே.

குளிர்சாதனம் குளிரும், ஆளுக்கு ஒரு சுவெட்டர். துண்டு அங்கே கொடுப்பார்கள், வேண்டாம். கடலில் போனைப் பிளைட் மோடில் போடு, இல்லையென்றால் பில்லைப் பார்த்து மாப்பிள்ளைக்கு மயக்கம் வரும். பூக்கெட்டில் மணி நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், ஆனால் கப்பல் மணி எது என்று கேட்டுக்கொண்டு இறங்கு.

இனி உங்கப்பா கால்சட்டை, சிலுவார் கதை. கடைசி ராத்திரி பெட்டிகளுக்கு அட்டை கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், அவர்கள் கீழே இறக்கி வைப்பார்கள். நான் சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் மடித்து வைத்து அனுப்பிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் மனுஷன் கைலியோடு நிற்கிறார். மிச்சம் இருந்தது அந்தக் கைலி ஒன்றுதான். உன் அண்ணனின் சிலுவாரைக் கொடுத்தோம், இடுப்பில் நிற்கவில்லை. பேத்தியின் பள்ளிக்கூட ரிப்பனைக் கட்டிக்கொண்டுதான் சிங்கப்பூர் குடிநுழைவு வரிசையில் நின்றார். நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. ஆகவே மறுநாள் உடுப்பை, உள்ளாடை, செருப்பு உட்பட, முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு அப்புறம் பெட்டியை மூடு.

நீங்கள் பினாங்கில் இறங்குவீர்கள் அல்லவா, பாட்டியும் அங்கேதான் இறங்கினார்கள். 1937ல், ஒன்பது வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர்கள். அடுத்த வருஷம் இந்திய அரசு இங்கே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அறையாவது கட்டிலாவது, மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் அவர்களுக்கு. தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, அதன் மேல் கை போட்டுக்கொண்டு தூங்கினார்களாம், யாராவது நகர்த்திவிட்டால் பாய்க்கு இடம் போய்விடும் என்று. ஒரு குடும்பத்துக்கே அந்த ஒரு பெட்டி. அது இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, உள்ளே உன் பள்ளிக்கூட சர்டிபிகேட்டும் குடையும்.

உன் அண்ணன் சனிக்கிழமை ஜொகூர் வருகிறான். காந்தக் கொக்கி எட்டு கொடுத்து விட்டிருக்கிறேன், இரண்டு ரிங்கிட் கடையில் வாங்கியது, பெரிய பாரம் தொங்கவிடாதே. முறுக்கு டின் வீட்டுக்கு, கப்பலுக்கு இல்லை. பெட்டி எத்தனை ஆயிற்று என்று ராத்திரி போன் பண்ணு.

அம்மா