வள்ளம் நுழையும் உயரத்தில் பாலம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படகு மன்றங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப், கொழும்புக் குழுவோடு 1898 முதல் நடந்துவரும் பந்தயம் எனக் கட்டுரையாளர் நிறைவாகவே எழுதியிருக்கிறார். ஆனால், கடற்கரைக்காரர்களுக்குப் படகு பிழைப்பு, நகரத்தாருக்குத்தான் அது விளையாட்டு என்று போகிற போக்கில் ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இந்தக் கடிதம் அந்த வரிக்காக.

நான் நீரோடிக்காரன். குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் தமிழ்நாடு முடிகிற ஊர் இது. அடுத்த ஊர் பொழியூர், கேரளம். ஆழ்கடலில் சுறாப் பிடிப்பதில் எங்கள் தூத்தூர் வட்டாரத்து ஆட்களுக்கு இந்தியக் கடற்கரை முழுவதும் பெயர் உண்டு. விடியற்காலையில் கட்டுமரம் தள்ளிப் போய்ப் பகலில் கரையேறியவர்கள், அன்று மாலையே கால்வாயில் வள்ளத்தை இறக்கிப் பந்தயத்துக்குப் பழகியதைச் சிறுவயதில் பார்த்தவன் நான். கடலில் துடுப்புப் போடுவது வீடு திரும்ப. கால்வாயில் போடுவது பக்கத்து ஊர்க்காரனை முந்த. விளையாட்டு என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

எங்கள் ஊர்ப் படகு மன்றத்தின் கதையைக் கால்வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். பத்மநாப சுவாமி, விக்டோரியா ராணி, மார்த்தாண்ட வர்மா மகாராஜா என மூவர் பெயரையும் ஒரே வாய்க்காலுக்குச் சூட்டிய பெருந்தன்மை திருவிதாங்கூர் அரண்மனைக்கே உரியது. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1860இல் வேலை தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீர்வழி என்பது திட்டம். கேரளத்துப் பூவாரில் நெய்யாறு என்னும் ஆற்றின் கரையில் தொடங்கி, எங்கள் ஊர்களின் முதுகுப்புறமாக வந்து, இரையுமன்துறையில் குழித்துறைத் தாமிரபரணியின் முகத்தைத் தொட்டு, தேங்காப்பட்டினத்துக்கு அப்பால் குளச்சல், மண்டைக்காடு பக்கம் வரை போய் நின்றுவிட்டது. குமரிமுனையை அது பார்க்கவே இல்லை.

கால்வாயில் தேங்காயும் தொண்டும் (தேங்காய் மட்டை) கயிறும் ஏற்றிய வள்ளங்கள் போய்வந்தன. இரு கரையிலும் தொண்டு ஊறப்போட்டிருப்பார்கள். அந்த நாற்றம் எங்களுக்குப் பழகிய நாற்றம். சரக்கு வள்ளங்கள் ஒன்றையொன்று முந்தப் பார்த்ததுதான் முதல் பந்தயம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1952இல் ஆலப்புழைக்கு வந்த நேரு, சுண்டன் வள்ளங்கள் என்னும் நீண்ட பாம்புப் படகுகளின் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, வென்ற நடுபாகம் சுண்டனில் தாமே தாவி ஏறினார். பிறகு வெள்ளிக் கோப்பையும் அனுப்பிவைத்தார். அந்தச் செய்தி வந்த சூட்டில் கடற்கரையெங்கும் இளைஞர்களுக்குக் கோப்பை ஆசை பிடித்தது. எங்கள் மன்றம் அந்த ஆசைக்குப் பிறந்த பிள்ளை. ஓலைக் கூரை, ஒரு கேரம் பலகை, நேற்றைய நாளிதழ், அயினி மரப் பலகைகளைக் கயிற்றால் தைத்த இரண்டு வள்ளங்கள்: சொத்து அவ்வளவுதான். நூறு பேர் ஏறும் சுண்டனை எங்கள் கால்வாயில் திருப்பக்கூட முடியாது. எங்கள் வள்ளத்துக்கு ஒரு கை விரல்களால் எண்ணிவிடும் அளவு ஆட்கள் போதும். பந்தயத்துக்கு முதல் வாரம் அடிப்பலகைக்குச் சுறா ஈரல் எண்ணெய் பூசுவார்கள். பூசியவனை வீட்டில் இரண்டு நாள் சோற்றுக்கு அண்டவிடமாட்டார்கள்.

மெட்ராஸ் போட் கிளப் வகைப் படகில் துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் வருவது சுக்கான் பிடிப்பவருக்கு மட்டுமே தெரியும். எங்கள் வள்ளத்தில் எல்லோரும் முன்னோக்கித்தான் இருப்பார்கள். எதிரில் வருவது முன்முனையான அணியத்திலிருப்பவனுக்கும் தெரியும், பின்முனையான அமரத்திலிருப்பவனுக்கும் தெரியும். அதனால் வள்ளம் கரையில் முட்டினால் குற்றம் யாருடையது என்ற சண்டை அடுத்த ஓணம் வரை நீளும்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. தமிழ்நாட்டோடு இணைவதற்காகப் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களை நாங்கள் மறக்கவில்லை. இணைப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்கள் கால்வாயும் மன்றமும் அன்று இரண்டாகிவிட்டன. மன்றக் கட்டடம் இந்தப் பக்கம், துடுப்புக்காரர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம். பதிவு செய்யலாம் என்று எழுந்தால் அங்கே 1955ஆம் ஆண்டுச் சட்டம், இங்கே 1975ஆம் ஆண்டுச் சட்டம். உதவித்தொகை கேட்டுப் போனால், ஓர் அலுவலகத்தில் "உங்கள் கட்டடம் அடுத்த மாநிலத்தில் அல்லவா" என்றார்கள்; இன்னோர் அலுவலகத்தில் "உங்கள் ஆட்கள் அடுத்த மாநிலத்தார் அல்லவா" என்றார்கள். இரண்டு பதிலும் சரி என்பதுதான் வேடிக்கை. கடைசிவரை மாதச் சந்தாவிலும் கோயில் திருவிழா நன்கொடையிலுமே மன்றம் ஓடியது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பாதிப் பொய்யாகிவிடும். கால்வாயில் அன்றாடம் வள்ளம் வலித்தவர்கள் தொண்டு சுமந்த பெண்கள். கழியால் ஊன்றி, சுமை வள்ளத்தைத் தனியாளாகப் பொழிமுகம் (நீர் கடலில் கலக்கும் வாய்) வரை கொண்டுபோகிற கை அவர்களுடையது. ஒருத்தியைக்கூட மன்றம் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. கோப்பைகள் கைநழுவியதற்கு எங்கள் பெரியவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் காரணம் சொன்னார்கள். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது.

1980களில் ஒட்டுப்பலகைப் படகும் வெளியில் பொருத்தும் இயந்திரமும் வந்தன. தொழிலுக்கு அது நல்ல காலம். கட்டுமரத்தில் தோள் கிழிந்தவனிடம் பழைய பெருமை பேச எனக்கு வாய் வராது. ஆனால் கயிற்றைச் சுண்டி இயந்திரத்தை முடுக்கத் தெரிந்த பையனுக்குத் துடுப்பு எதற்கு? மன்றம் மெல்ல மெல்லக் கேரம் மன்றமானது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்த நாட்களில் அந்தக் கட்டடத்தில்தான் திரும்பாதவர்களின் பெயர்களை எழுதிவைத்தோம். அதற்குப் பிறகு அங்கே பந்தயப் பேச்சு எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, இந்தக் கரையின் படகுகள் லாரியேறி உள்நாட்டுக்குப் போனதை நாடே பார்த்தது. எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களில் பழைய பந்தயக்காரர்களும் இருந்தார்கள். இயந்திரத்தை இறக்க முடியாத வீட்டுச் சந்துகளில் அவர்கள் துடுப்பைத்தான் எடுத்தார்கள்.

இப்போது இளைஞர்கள் சிலர் மன்றத்தை மறுபடி திறந்திருக்கிறார்கள். பெண்பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். வள்ளம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, கால்வாய்தான் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டத்தில் பூவாரிலிருந்து இரையுமன்துறை வரையிலான 11 கிலோமீட்டர், 13ஆம் எண் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நேரில் வந்து பார்த்தால் அந்த நீர்வழியில் ஆகாயத்தாமரை இருக்கிறது, வீட்டுக் கழிவுக் குழாய்கள் இருக்கின்றன, ஆக்கிரமித்துக் கட்டிய மதில்கள் இருக்கின்றன. பொழி அடைந்து கிடக்கும் மாதங்களில் தண்ணீர் நகர்வதே இல்லை. பூவார்ப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்காகப் படகுகள் ஓடுகின்றன, ஓடட்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் துடுப்புப் போட நூறு அடி தெளிந்த நீர் கிடைப்பது பாடாக இருக்கிறது.

தூர்வாரப் பணம் வேண்டும், காலம் வேண்டும், இரண்டு மாநிலங்களும் பேச வேண்டும், அது தெரியும். அவ்வளவு செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கால்வாய்க்குக் குறுக்கே சாலை போடும்போதெல்லாம், தண்ணீர் போனால் போதும் என்று தாழ்வாகப் பலகைப் பாலம் கட்டிவிடுகிறார்கள். அதனடியில் வாத்து போகும். உட்கார்ந்த ஆளோடு வள்ளம் போகாது. ஒவ்வொரு பாலத்தின் முன்னும் வள்ளத்தைத் தூக்கிச் சுமந்து மறுபக்கம் இறக்குகிறோம். இனிக் கட்டும் பாலத்தையாவது, துடுப்போடு உட்கார்ந்திருப்பவர் தலை குனியாமல் கடக்கும் உயரத்தில் கட்டச் சொல்லி உங்கள் இதழ் எழுத வேண்டும். வரைபடம் போடுகிறவர்கள் அளவெடுக்க வருவதானால் வள்ளமும் ஆளும் நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
நீரோடி வாசகர்