உன் எலிகளைப் பற்றிச் சில கேள்விகள்

குன்னூர்,
ஐப்பசி மாதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ ஊருக்கு வந்து போய் ஏழு வாரங்கள் ஆகிவிட்டன. அதன்பின் தொலைபேசியில் பேசிய இரண்டு முறையும் மழையைப் பற்றிக் கேட்டாய், மண் சரிந்து மலை ரயில் நின்றுவிட்டதா என்று கேட்டாய், அப்பாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. வேலை மிகுதி என்று எண்ணிக்கொண்டேன். இரவில் நேரத்துக்குத் தூங்குகிறாயா? விழித்திருக்கும்போது எலியின் மூளையில், மறதி நோயில் படியும் அமிலாய்டுப் புரதம் கூடுகிறது, உறங்கும்போது குறைகிறது என்று 2009-இல் வந்த ஆய்வை எனக்குச் சொன்னவளே நீதான். எலிக்குச் சொன்னது உனக்கும் பொருந்தும் கண்ணு. ஆய்வகத்திலேயே இரவைக் கழிக்காதே.

உன் எலிகளைப் பற்றிச் சில விவரங்கள் கேட்க வேண்டும். 18 முதல் 24 மாத வயதுள்ள எலியை 56 முதல் 69 வயது மனிதருக்கு ஒப்பிடுவார்கள் என்று சொன்னாய். அப்பாவுக்கு ஆவணியோடு 69 நிறைந்தது. கலங்கலான நீர்த்தொட்டியில் எலியை விட்டால், சுற்றிலும் உள்ள அடையாளங்களை வைத்துக்கொண்டு, நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை இளம் எலி சில நாட்களிலேயே நேராக நீந்திப்போய் அடைந்துவிடும், வயதான எலிகளில் பல வட்டமிட்டுக்கொண்டே இருக்கும் என்றாய். வட்டமிடும் எலிக்குத் தனக்கு வழி மறந்துபோனது தெரியுமா? நேரம் முடிந்தும் அது மேடையைக் காணாவிட்டால் கையால் வழிகாட்டிக் கொண்டுபோய் அங்கே விடுவீர்கள் என்று நீ சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வயதாகும்போது மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருள் சற்றுக் குறைவது வேறு, அல்சைமர் என்னும் மறதி நோயில் அதைச் சுரக்கும் முன்மூளை அடிப்பகுதி நரம்பணுக்களே பெருமளவில் அழிந்துபோவது வேறு என்று விளக்கினாய். முதல் வகை எங்கே முடிந்து இரண்டாம் வகை எங்கே தொடங்குகிறது என்பதை வீட்டிலிருப்பவர்கள் எப்படி அறிவது? எலிக்கு இந்த நோய் தானாக வருவதில்லை, மனிதரின் பழுதுபட்ட மரபணுவைப் புகுத்தித்தான் வரவழைக்கிறீர்கள் என்று நீ சொன்னபோது அப்பா முகம் வாடியதை நான் பார்த்தேன். இங்கே பாஸ்டர் நிறுவனத்தில் எலிகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்ட மனிதர் அல்லவா! வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் வீரியத்தை அறிய எலிகளுக்கு ஊசி போட்டு, பிறகு நோய்க்கிருமியை மூளையில் செலுத்தி, 14 நாட்கள் கவனிக்கும்போது, எந்தக் கூண்டில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அந்த நிறுவனத்தின் ஒற்றை அறையில் 1918-இல் மெக்காரிசன் துரை, சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கியதையும், அது வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குப் போனதையும் இன்றும் ஒரு சொல் பிசகாமல் சொல்கிறார். காலையில் கஞ்சி குடித்தது மட்டும் அவருக்கு நினைவில் இருப்பதில்லை.

எழுத வேண்டாம் என்றிருந்ததை எழுதிவிட்டேன். நீயும் பார்த்தாய் கண்ணு. சாப்பிடும்போது, எந்த வண்டியில் வந்தாய் என்று மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை நீ தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாய். எலியின் மறதியை நொடிக்கணக்கில் குறித்துவைப்பவள், பெற்ற தகப்பனின் மறதியைக் காணாதவள்போல் இருந்துவிட்டாய் என்று எனக்கு மனத்தாங்கல்தான். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களிடமெல்லாம், மூளையின் வேதியியலை ஆராய்கிறாள் என்று பெருமையாகச் சொல்கிறவளும் நான்தான்.

சென்ற திங்களன்று அதிகாலையில் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சிம்ஸ் பூங்காவைத் தாண்டி நிறுவன வாசல்வரை நடந்திருக்கிறார். எலிக் கூண்டுகளுக்கு உமி மாற்ற வேண்டும் என்றாராம். ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காவலாளி கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தார். அன்றிரவு அப்பா தூங்கியபின் என் கை வெளித் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. போடவில்லை, ஆனால் கை போயிற்று.

அந்தத் தாழ்ப்பாளை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அப்பத்தா, இறந்து பல ஆண்டுகள் ஆன தம்பி வந்திருப்பதாகச் சொல்லி அவனுக்கு இலை போடச் சொல்வார். சாவியை அரிசிப் பானையில் ஒளித்துவைப்பார். வேண்டுமென்றே செய்கிறார் என்று அப்பாவிடமும் சொன்னேன், அக்கம்பக்கத்திலும் சொன்னேன். இரவில் அவரை அறைக்குள் வைத்துத் தாழிட்டேன். அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்த ஓர் இரவில், இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நீ நாற்காலி போட்டு ஏறித் திறந்துவிட்டாய். அதற்காக உன்னை அடித்தேன். ஜெர்மனியில் அல்சைமர் என்ற மருத்துவர் இதை 1906-லேயே மூளையின் நோய் என்று எடுத்துச்சொல்லியிருந்தார் என்று நீ கல்லூரியில் படித்துவந்து சொன்ன அன்று, ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கு, அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை இல்லை. உன் அப்பத்தாவிடம் மன்னிப்புக் கேட்க வழி இல்லை, உன்னிடம் கேட்கிறேன். நீ இந்தப் படிப்பைத் தேர்ந்தது அந்தக் கதவினால்தானோ என்று பல நாட்கள் நினைத்ததுண்டு.

வைட்டமின் பி12 குறைந்தாலும் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இப்படி மறதி வரலாம், அவற்றைச் சரிசெய்யலாம் என்று நீ முன்பு சொன்னதை வைத்து இரத்தம் கொடுத்துவிட்டோம். அப்பா சளிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை அசிட்டைல்கொலினின் வேலையைத் தடுக்கும் வகை என்று தெரிந்ததால் நிறுத்திவிட்டேன். டோனெபெசில் என்ற மருந்து அசிட்டைல்கொலின் சிதைவதைக் குறைத்துச் சிறிது காலம் கைகொடுக்கும், நோயை நிறுத்தாது என்பதும், எலியைத் தேற்றிய மருந்துகள் பல மனிதரிடம் தோற்றுப்போயின என்பதும் நீ சொல்லி நான் அறிந்தவைதாம். அதனால் உன்னிடம் அதிசயம் எதையும் கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கோயம்புத்தூரில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கிறோம். மருத்துவர் எதைக் கேட்டாலும் நான் முந்திக்கொண்டு அப்பாவுக்காகப் பதில் சொல்லி மூடி மறைத்துவிடுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அப்படிச் செய்ய மாட்டேன். வரமுடியுமா என்று எழுது. இரவு வண்டியில் வருவதானால் சால்வை எடுத்துக்கொள், வண்டியிலாவது தூங்கு.

உன் எலிகளுக்குக் கூண்டில் உமி பரப்புகிறார்களா, மரத்தூள் பரப்புகிறார்களா என்று அப்பா கேட்கச் சொன்னார். இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு முறை வந்து சொல்லிவிட்டார். நான்கு முறையும், கேட்டு எழுதுகிறேன் என்றே சொன்னேன்.

அன்புடன்,
அம்மா