‘மூன்று வயது வரை பொறுங்கள்’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் குழந்தை வளர்ப்புப் பகுதியில், “ஆண் குழந்தைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், மூன்று வயது வரை பெற்றோர் கவலைப்பட வேண்டாம்” என்று ஒரு வரி வந்திருந்தது. என் மகளின் கண்ணில் பட்டுவிடாமல் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வைத்துவிட்டேன். ஐந்து வருடங்களுக்கு முன் அதே வரியை அவளிடம் சொன்னவள் நான்.

பேரனுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரு சொல்கூட வரவில்லை. “உன் அண்ணனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்” என்றேன். அவளுக்கு மனம் கேட்கவில்லை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் குழந்தையின் பின்னால் நின்று கைதட்டினார். அவன் திரும்பினான். காதில் குறையில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். முறையான செவித்திறன் பரிசோதனை நடந்தபோது மூன்று வயது தாண்டியிருந்தது. கைதட்டலும் கதவு அடித்துக்கொள்வதும் அவனுக்குக் கேட்கும். ‘ச’, ‘ஸ’ போன்ற கூர்மையான ஒலிகள் கேட்காது. அத்தனை நாளும் நாங்கள் கொஞ்சியது அவனுக்குப் பாதி அழிந்த எழுத்தாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சியும் கருவியும் என்ற 1-3-6 கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு வயதாகியும் கையசைக்காத, விரல் நீட்டிக் காட்டாத குழந்தையை உடனே காட்ட வேண்டும். 16 மாதத்தில் ஒரு சொல், இரண்டு வயதில் தானாக இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுதல் இல்லையென்றாலும் அப்படியே. வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதிலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஆண், பெண் என்று இதில் சலுகை எங்கே இருக்கிறது?

இது முதல் முறையும் அல்ல. சென்ற ஆண்டு இதே பகுதியில், வேலைக்குப் போகும் தாய்மார்கள் கொஞ்சிப் பேசாததால்தான் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதில்லை என்று எழுதினீர்கள். பேச்சையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் ஆட்டிசத்துக்கும் இப்படித்தான், தாயின் பாசக்குறைவே காரணம் என்று 1950களிலும் 60களிலும் மருத்துவர்களே நம்பியதுண்டு. அது பிழையென்று தள்ளப்பட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. நீங்கள் எழுதியதைப் படித்து என் மகள் அன்று அழுததை நான் பார்த்தேன். அப்போதும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

குறை தெரிந்த பிறகும் பேச்சுப் பயிற்சிக்கு ஏழு மாதம் வரிசையில் நின்றோம். முதலில் எல்லாச் சான்றிதழும் கொண்டுவாருங்கள் என்றார்கள். குறைக்கு என்ன பெயர் என்று முடிவாகும்வரை பயிற்சியைத் தள்ளிவைக்கத் தேவையே இல்லை. குழந்தை எதில் பின்தங்குகிறது என்று தெரிந்தாலே தொடங்கிவிடலாம். இதைப் பற்றி உங்கள் இதழில் ஒரு பத்திகூட நான் பார்த்ததில்லை.

என் பேரன் இப்போது பேசுகிறான். ஆனால் அந்த இரண்டு வருடங்களை யாராலும் அவனுக்குத் திருப்பித் தர முடியாது. அதில் என் பங்கும் இருக்கிறது.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் அல்ல, அந்த வரி வந்த அதே இடத்தில். பக்கத்திலேயே மேலே சொன்ன வயதுக் கணக்கையும் ஒரு சிறு கட்டத்தில் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி