உப்புமல்லிக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள குட்டிம்மா,

நீ வரைந்து அனுப்பிய உப்புமல்லி வந்து சேர்ந்தது. கழிமுகச் சேற்றில் வளரும் கற்பனைச் செடி, ஊதாப் பூ, தடித்த இலை, இலைமேல் உப்புப் பொடி, எல்லாமே சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே ஒரு வரிதான் உறுத்துகிறது. "தண்ணீரில் உப்பு கூடியதால் செடி தன்னை மாற்றிக்கொண்டது" என்று எழுதியிருக்கிறாய். எந்தச் செடியும் அப்படி நினைத்து மாறுவதில்லை, அம்மா.

இப்படி யோசித்துப் பார். உப்புமல்லியின் மூதாதை ஆற்றங்கரையில் நல்ல தண்ணீரில் இருந்தது, அதன் விதைகள் வெள்ளத்தில் கடல் பக்கம் அடித்துப் போய் முளைத்த வேகத்தில் கருகின, வருஷா வருஷம் கருகின. அதில் ஏதோ ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் வாகு இருந்தது. அவை பூத்தன, விதை விட்டன. அப்புறம் அவற்றின் பிள்ளைகளிலும் பெரும்பாலானவை செத்தன. உன் கதையில் சாவே இல்லை. அதைச் சேர்.

பிச்சாவரம் ஞாபகம் இருக்கிறதா? வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடலோரம் இருக்கிற அந்த அலையாத்திக் காட்டில், ஒரே சேற்றில் நின்றுகொண்டு வெண்கண்டல் மரம் உப்பை உறிஞ்சி இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது, சுரபுன்னை மரமோ உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. சேற்றுக்குள் காற்று கிடையாது. அதற்காக வெண்கண்டலின் வேர்கள் பென்சில் நட்டுவைத்த மாதிரி மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், சுரபுன்னை தண்டிலிருந்தே வளைந்த கால்களை இறக்கி ஊன்றும். சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து முருங்கைக்காய் போல நீண்டுதான் விழுகிறது. இரண்டும் வேறு வேறு குடும்பத்து மரங்கள், தனித்தனியாக இந்தச் சேற்றுக்கு வந்து சேர்ந்தவை.

இன்னொன்று. உப்பை வெளியேற்றுவது சும்மா நடக்காது, சக்தி செலவாகும். நல்ல தண்ணீரிலும் இந்த மரங்கள் வளரும், ஆனால் அங்கே வேகமாக வளரும் மற்ற செடிகள் முந்திக்கொள்ளும். உன் உப்புமல்லி எதை விலையாகக் கொடுத்தது என்று எழுது. பூவைச் சின்னதாக்கிவிடேன்?

பொங்கல் லீவுக்கு வா, படகில் போகலாம். வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்துப் பார், கரிக்கும். தில்லை மரத்தில் மட்டும் கை வைக்காதே, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

அன்புடன்,
சித்தப்பா