படத்தில் நிற்பவர்களுக்கும் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எங்கள் போடிநாயக்கனூரின் பழைய புகைப்படங்களை நான்கு பக்கங்களுக்கு வெளியிட்டிருந்தீர்கள். ஊர்க்காரன் என்ற முறையில் மனமார்ந்த நன்றி. எங்கள் தெருவில் அந்த இதழ் இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. என் கைக்கு அது திரும்பி வரும் என்று தோன்றவில்லை, வராவிட்டாலும் சந்தோஷம்தான்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். மூன்றாவது படத்தின் கீழே 'போடி ரயில், 1920' என்று அச்சாகியிருக்கிறது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததே 1928இல்தான். அது மீட்டர்கேஜ் பாதை, தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. நீங்கள் வெளியிட்ட படத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டடி இடைவெளிதான் இருக்கும். பின்னணியில் தேயிலைச் சரிவு தெரிகிறது. அது மலைக்கு மேலே மூணாறுக்கும் டாப் ஸ்டேஷன் என்ற மலையூருக்கும் இடையே ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். போடிக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

ஆனாலும் அந்த ரயிலுக்கும் எங்கள் ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1902இல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் சிறிய சக்கரம் தண்டவாளத்தின் மேலும், பெரிய சக்கரம் பக்கத்துத் தரையிலும் உருள, மாடுகள் இழுத்துப் போகும். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடிப் பாதை போட்டு எஞ்சின் விட்டார்கள். மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து ரோப் காரில் சுமார் ஐந்து கிலோமீட்டர் சரிந்து, கோட்டகுடியில் 'பாட்டம் ஸ்டேஷன்' என்று அழைக்கப்பட்ட அடிவாரத்துக்கு இறங்கும். அப்புறம் மாட்டுவண்டியில் 15 கிலோமீட்டர் தாண்டி போடி. எங்கள் ஊரில் ரயில் இல்லாத அந்தக் காலத்தில் வண்டிகள் போடியோடு நின்றிருக்க முடியாது. அதற்கு மேலும் பெட்டிகளைச் சுமந்து போயிருக்கின்றன. 1924 ஜூலையில், மலையாளக் கணக்கில் 1099ஆம் ஆண்டு என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்களே, அந்த வெள்ளம் மலைமேல் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பப் போடவே இல்லை. குரங்கணியிலிருந்து மலையேறுகிறவர்கள் வழியில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்ற ஊரைக் கடக்கிறார்கள். ரயிலே வராத இடத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் இந்த ரோப் கார் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

ரயிலின் பெயர் தவறியதைச் சுட்டிக்காட்ட மட்டும் இதை எழுதவில்லை. அதே படத்தை இன்னொரு முறை பாருங்கள். எஞ்சின் அருகில் தொப்பி வைத்த துரை ஒருவர் நிற்கிறார். சுற்றிலும் தலையில் துண்டு கட்டிய பத்துப் பதினைந்து பேர். உங்கள் குறிப்பில் துரையை 'தோட்ட மேலாளர்' என்று தனியாகச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் எல்லோரையும் 'கூலியாட்கள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நான் பார்த்த பழைய தோட்டப் படங்கள் பலவற்றில் இதுதான் வழக்கம். ஆனால் பாதை போட்டதும், பெட்டி சுமந்ததும், வண்டி ஓட்டியதும் இவர்கள்தானே? அவர்களில் பலர் எங்கள் பக்கத்திலிருந்து மலையேறிப் போனவர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் போடியிலும் கோட்டகுடியிலும் மூணாறு எஸ்டேட்களிலும் இருக்கிறார்கள். கேட்டால் ஒன்றிரண்டு பெயராவது கிடைக்காதா?

கிடைக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஏலக்காய் கிட்டங்கியில் எடுத்த படம் ஒன்று உண்டு. ஓரம் நெளிநெளியாக வெட்டிய சின்ன அட்டை. வரிசையாகப் பெண்கள் சுளகை மடியில் சாய்த்து உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எதிர் வீட்டு அம்மாச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. படத்தை அவரிடம் கொடுத்தபோது முகங்களைப் பார்க்கவில்லை, காதுகளைப் பார்த்தார். "ஏப்பா, இந்தத் தண்டட்டி எங்க மதினியோடதுல்ல! கல்யாணத்துக்கு அவுக அப்பா செஞ்சு போட்டது. பக்கத்துல சுளகத் தூக்கிப் பிடிச்சிருக்கவ கோட்டகுடிக்காரி. பேரு நாக்குல நிக்கிது, வர மாட்டேங்குது." மறுநாள் காலையில் பால் வாங்க வந்தவர், என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது அந்தப் பெயரைத்தான். ஏழு பேரில் நாலு பேருக்கு இப்போது பெயர் இருக்கிறது. மற்ற மூவரை அறிந்தவர் யாராவது இருக்கக்கூடும். அவரைத் தேடுவதற்குக் காலம் குறைவாக இருக்கிறது என்பதுதான் என் கவலை.

பழைய வீடுகளைப் பாகம் பிரித்து இடிக்கும்போது சுவரில் தொங்கிய படங்கள் முதலில் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. மரச்சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் விலை உண்டு, படத்துக்குக் கிடையாது. பழைய ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது நெகட்டிவ் பெட்டிகளும் இப்படித்தான் போயின. இது போக, தென்மேற்குப் பருவத்தில் எங்கள் ஊர்ச் சாரல் ஈரம் சும்மா விடாது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரித்தெடுக்கப் போனால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுத்துக்கொள்வதுதான் நல்லது. லேமினேஷன் செய்யவே கூடாது. பின்பக்கம் எழுதப் பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தாமல் பென்சிலால் எழுதினால் போதும்.

ஆண்டு தெரியாத படங்களுக்கும் தடயம் உண்டு. எங்கள் மதுரை–போடி ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். 1950களில்தான் மறுபடி ரயில் ஓடியது. அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 2023 ஜூனில்தான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. ஆகவே உள்ளூர் ரயில் தெரியும் கறுப்பு வெள்ளைப் படம் எதுவானாலும், போருக்கு முந்தியதா பிந்தியதா என்று உடையையும் விளம்பரப் பலகையையும் வைத்துச் சொல்லிவிடலாம். இந்தச் சின்ன விவரங்களை அறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்பார்தான் இல்லை.

இன்றைக்கும் விடியும் முன்னே பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். அவர்களையும் படம் எடுக்கிறார்கள், பத்திரிகையிலும் வருகிறது. கீழே 'தோட்டத் தொழிலாளர்கள்' என்றுதான் இருக்கிறது. நூறு வருஷத்துக்குப் பிறகு இதையும் யாரோ கையில் வைத்துக்கொண்டு 'இது யார்' என்று கேட்கத்தான் போகிறார்கள்.

உங்களிடம் என் வேண்டுகோள் இது. ஊர்ப்படங்கள் வெளியிடும் பகுதியைத் தயவுசெய்து தொடருங்கள். கூட்டமாக நிற்கும் படமானால் பக்கத்தில் அதன் கோட்டுருவத்தைச் சிறியதாக அச்சிட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் கொடுங்கள். 'மூன்றாம் எண் என் தாத்தா' என்று வாசகர்கள் எழுதட்டும். வந்த பெயர்களை அடுத்த இதழில் போடுங்கள், முரண்பட்டால் இரண்டையும் போடுங்கள். திருத்திய குறிப்புகளோடு ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கும் கொடுத்துவிடலாம். முதல் படமாக எங்கள் ஏலக்காய் கிட்டங்கிப் படத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தெரிந்த நான்கு பெயர்களையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இடமிருந்து முதல், ஐந்து, ஏழாவது ஆட்கள் யாரென்று தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.