தனித்தனியாக முத்திரை குத்திய அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பு நண்பர்களே,

ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடியில் கடன் கொடுத்த தனியாரும் பங்கெடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டு நாம் எழுதிய கடிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. கடைசி நாளில் என்னென்ன நடந்தது, எங்கே சிக்கிக்கொண்டோம் என்பதெல்லாம் கூடவே இருந்த உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. படபடப்பு இன்னும் அடங்கவில்லை, அடங்குவதற்குள் நன்றியை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி, பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒருவருக்கு. மனுக்களை வாங்கும் பிரிவில் இருக்கும் அந்த அக்கா. நாங்கள் போய் நின்றபோது அலுவல் நேரம் முடியப்போகிறது. கடிதக் கட்டினை மேசைமேல் வைத்து, "மேலே ஒரு சீல் போட்டுக் கொடுத்தால் போதும்" என்றோம். அவர் கயிற்றை அவிழ்த்து முதல் கடிதத்தைப் படித்தார். அடுத்ததையும் படித்தார். அப்புறம் நிமிர்ந்து, "எல்லாம் வேற வேற கையெழுத்தா இருக்கே. கட்டா வாங்கினா ஒரே பதிவு எண்தான் விழும், பதிலும் ஒண்ணுதான் வரும். தனித்தனியா பதிஞ்சா ஒவ்வொருத்தருக்கும் பதில் போயாகணும். எப்படிப் பண்ணட்டும்?" என்று கேட்டார்.

நேரமாகிவிடுமே என்றோம். "ஆகட்டும்" என்றார்.

ஒவ்வொரு கடிதத்திலும் தேதி முத்திரை, அதற்குக் கீழே பேனாவால் எண், அதே எண் பதிவேட்டிலும். மங்கலாக விழுந்த முத்திரையை விட்டுவிடாமல், மை அட்டையில் இரண்டு சொட்டு விட்டு மறுபடி குத்தினார். விளக்கை அணைக்க வந்தவரிடம், "இது ஒண்ணு மட்டும் எரியட்டும்" என்றார். நடுவில் ஒரு கடிதத்தில் கை நின்றது. எங்களுக்கும் படித்துக் காட்டினார்: "அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியே என் படிப்பு நின்றது. நாடுகளுக்கும் இப்படி நடக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதுகிறேன்." படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. எண் போட்டு அடுத்ததை எடுத்தார்.

நாம் கேட்பது இதைத்தானே. ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா ருமேனியாவுக்குத் தர வேண்டியிருந்த கடனை 1999இல் ஒரு தனியார் நிதி நிறுவனம் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கி, பிறகு ஐந்தரைக் கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007இல் லண்டன் நீதிமன்றம் ஒன்றரைக் கோடிக்கு மேல் தரச் சொன்னது. மக்கள் விடாமல் கடிதம் எழுதினார்கள், கேள்வி கேட்டார்கள். 2010இல் பிரிட்டன், ஏழை நாடுகள்மேல் இப்படி வழக்குப் போட்டுக் கறப்பதைத் தடுக்கச் சட்டம் போட்டது. ஆனால் அது பழைய கடன்களுக்குத்தான். 2020இல் ஜாம்பியா மறுபடி தவணை கட்ட முடியாமல் நின்றது. அதனால்தான் கடன் கொடுத்த தனியாரும் தள்ளுபடியில் பங்கெடுத்தாக வேண்டும் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நம்மிடம் கேட்காதவர்கள் இல்லை. 1998 மே மாதம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜி8 எனப்படும் எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்டு சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். ஜூபிலி 2000 என்ற அந்த இயக்கத்தின் மனுவில் 160க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 கோடியே 40 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் 2005இல் பெரிய தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. மறு வருடமே ஜாம்பியா கிராமப்புற சுகாதார நிலையங்களில் கட்டணத்தை எடுத்துவிட்டது. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒரு தாய், வாசலில் காசு கட்டாமல் உள்ளே போகலாம் என்று ஆனது. அந்தத் தாய்க்கும் பர்மிங்காமில் நின்றவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, மற்றவர்களுக்கு வருகிறேன். வேலை முடிந்து வந்து வீடு வீடாகப் போய் விஷயத்தைப் பொறுமையாக விளக்கியவர்கள், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக் கொடுத்த மாணவர்கள், முகவரிகளைச் சரிபார்த்தவர்கள், கடைசி நாளில் வண்டி கொடுத்தவர், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றவர்கள், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அச்சடித்த ஒரே வாசகத்தில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று பலர் சொன்னபோது, ஒவ்வொருவரும் தன் காரணத்தைத் தானே எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற அந்த ஆசிரியைக்குத் தனி நன்றி. அப்படி இல்லாவிட்டால் அக்கா கயிற்றை அவிழ்த்திருக்கவே மாட்டார்.

இனி வரும் பதில்களில் பல, "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்ற அளவில்தான் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிடாதீர்கள், பதிவு எண்ணோடு கொண்டு வாருங்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்டே அடுத்த கடிதம் எழுதுவோம்: தனியாரையும் தள்ளுபடியில் பங்கெடுக்க வைக்கும் சட்டத்தை ஆதரிக்கிறீர்களா, இல்லையா, எப்போது பேசப்போகிறீர்கள்? பதில் வராதவர்களுக்காக நானே நேரில் போய்க் கேட்கிறேன். எத்தனை முறையானாலும் போவேன்.

நிறைந்த நன்றியுடன்,
உங்களோடு கடிதம் எழுதிய ஒருவர்